கில்லாரன் பிரபுவின் தலையாட்டல்

இரண்டாயிரத்தோராம் ஆண்டு மாசியில் ஒரு வியாழக்கிழமை, மரியதாசனை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நான்கு வருடமாக நான் துப்புரவு செய்த வீடு. நாங்கள் அகதியாய் வந்து குடியேறிய கோட்-டெ-நெய்ஜில் பஸ் ஏறி மலைச்சரிவில் இறங்கினால், கறுத்த கல்லில் மூன்று மாடி. மிஸ் பியோனா என்ற ஸ்கொட்லாந்து வம்சக் கிழவி தனியாக இருந்தார். அலுமாரிகளை நகர்த்த ஓர் ஆண்பிள்ளை வேண்டுமென்று கேட்டிருந்தார்.

மரியதாசன் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவன், யாழ்ப்பாணத்தான், அதிகம் வாய் திறக்கமாட்டான். அடுத்த கிழமை அவனுக்கு அகதி விசாரணை. நல்லவன் என்று சாட்சி சொல்ல நான் ஒப்புக்கொண்டிருந்தேன். வழக்குத் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே அவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

மேல்மாடி அறையில் கில்லாரன் பிரபுவின் ஆளுயரப் படம் தொங்கியது. மிஸ் பியோனாவின் முன்னோரில் ஒருவர். அவர் கதையைக் கிழவி தேத்தண்ணீரோடு துண்டு துண்டாகச் சொல்லியிருந்தார்.

இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஓர் இளவரசன் சிம்மாசனம் கேட்டுப் படை திரட்டினானாம். பிரபு தன் நிலத்துக் குடியானவர்கள் நூறு பேரை அவன் பின்னால் கூட்டிப்போனார். தோற்றார்கள். வென்ற அரச படையினர் பிரபுவுக்குத் தூக்கு என்றார்கள். பிறகு தப்ப ஒரு வழியும் காட்டினார்கள். கைதிகளை மழையில் வரிசையாக நிறுத்தி, கம்பளியால் முகம் மூடிய பிரபுவை நடத்திக்கொண்டு போனார்கள். தன் ஆட்களைக் கண்டால் தலையாட்ட வேண்டும். ஆட்டினார். முப்பத்தொரு பேர் தொங்கினார்கள். பிரபு பறிபோன நிலத்தைத் திரும்பப் பெற்று, எண்பது வயதில் படுக்கையில் செத்தார்.

எங்கள் ஊரில் படையினர் செய்த சுற்றிவளைப்புகளிலும் இப்படித்தான். சாக்கால் முகம் மூடிய ஒருவனை இருத்தி, சனத்தை அவன் முன்னால் வரிசையாக விடுவார்கள். அந்தத் தலையாட்டி யாரைப் பார்த்து ஆட்டுகிறானோ, அந்த ஆள் வீடு திரும்பமாட்டான். தொண்ணூறில் என் அண்ணன் அப்படிப் போனவன்தான். அதனால் எனக்குப் பிரபுவைப் பிடிக்கவே பிடிக்காது. படத்தின் தூசியைக்கூட அரைகுறையாகத்தான் தட்டுவேன்.

பின்னேரம் நாலு மணி. வெளியே பனி கொட்டி, அறை மங்கத் தொடங்கியிருந்தது. வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"மரியதாசன், இவரும் ஒரு தலையாட்டிதான், பாரும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

நனைந்த கம்பளி நாறியது.

படச்சட்டத்துக்குள் துணி உரசும் சத்தம்.

பிரபுவின் மோவாய் மெல்லக் கீழே இறங்கியது. மேலே வந்தது.

அவர் கண் மரியதாசன்மேல் இருந்தது.

நான்கு வருடமாக அசையாத படம். மரியதாசன் அலறவில்லை, அப்படியே முழந்தாளில் விழுந்தான்.

"அக்கா, நானும் ஆட்டினனான்," என்றான், காற்றாய்ப் போன குரலில். "அடி தாங்கேலாமல். சாக்கில ரெண்டு ஓட்டை. ஒருத்தற்ற முகமும் வடிவாத் தெரியாது. எத்தினை பேருக்கு எண்டு எனக்கே தெரியாது."

எந்த ஆண்டு என்று கேட்டேன். தொண்ணூறு என்றான். எந்த ஊர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கிழமை நித்திரையே இல்லை. அவனைக் கொல்லலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து ஒதுங்கி நின்றவனிடம் போனேன்.

"நான் சொல்லமாட்டன். நீர் பயப்படாதையும்."

மனதாரத்தான் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

விசாரணை காலை பத்து மணிக்கு, வெளிச்சமான சின்ன அறையில். எனக்கு எதிரே மரியதாசன். அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: இவர் யாரையாவது படையினருக்குக் காட்டிக்கொடுத்தாரா?

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

குரல் வரவில்லை.

பிடரியில் ஒரு கை பதிந்தது. குளிர்ந்த, கனத்த, மோதிரம் போட்ட கை. என் பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது.

என் தலை கீழே இறங்கியது. மேலே வந்தது.

அதிகாரி எழுதிக்கொண்டார். மரியதாசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சித்திரையில் அவனை விமானம் ஏற்றினார்கள். பிறகு ஒரு சேதியும் இல்லை.

மாதா சத்தியமாக, ஆட்டியது நான் இல்லை.

நேற்றுப் பூசையில் நற்கருணைக்கு எல்லோரும் வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். பக்கத்து வீட்டு றெஜினாவின் மகன் றூபன் என் முன்னால் வந்தபோது, பிடரியில் அந்தக் கை பதிந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

தலை இறங்கியது.