நான்கு ஆவுடையம்மாள்கள்

"என் கப்பல் புயலில் சிக்கிய அன்று முந்நூறு பேரின் உயிர் என் கையில் இருந்தது" என்றது கல்.

குரல் மனைவியின் குரல்தான். சற்றே கரகரத்த, சொல்லின் கடைசியை விழுங்கிவிடுகிற, முப்பத்தெட்டு ஆண்டுகள் சங்கரபாண்டியனின் காதுக்குப் பழகிய குரல். ஆனால், மருத்துவர் ஆவுடையம்மாள் தம் வாழ்நாளில் ஒரு தோணியில்கூட ஏறியவர் அல்லர். ஆற்றுப்பாலத்தைப் பேருந்தில் கடக்கும்போதே கண்களை இறுக மூடிக்கொள்வார்.

"நாம முதல்ல எங்க சந்திச்சோம்?" என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

"நீதிமன்றத்தில். தீர்ப்பை எழுதி முடித்து நான் நிமிர்ந்தபோது..."

"போதும். நிறுத்தச் சொல்லும்" என்று அலுவலர் பேச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

புகழ்பெற்றவர் எவர் இறந்தாலும் அவருடைய ஊரில் பேசுகல் நட வேண்டும் என்பது அந்நாளைய சட்டம். ஒருவரைப் பற்றிய எழுத்து, படம், ஒலி அனைத்தையும் வாழ்வுதொகுப்பி என்னும் பொறி திரட்டிக் கல்லுக்குள் ஏற்றும். பின்னர்க் கல்லுக்கு முத்திரையிட்டு, மூலங்களை அழித்துவிடுவார்கள். உலகத்தின் நினைவகங்கள் நிரம்பி வழிந்தபின் வந்த ஏற்பாடு அது. முத்திரையிட்ட கல்லில் ஒரு சொல்லையும் மாற்ற இயலாது. சங்கரபாண்டியன் தம்மிடம் இருந்த கடிதங்களையெல்லாம் போன மாதமே கொடுத்துவிட்டார்.

"பொறி தப்புப் பண்ணலை, ஐயா" என்றார் பேச்சிமுத்து. "அம்மா பேர்ல பேர் பெத்தவங்க நாலு பேர். டாக்டர், நீதிபதி, கப்பல் தலைவி, நீச்சல்காரி. நாலு பேரும் ஒரே ஆளுன்னு அது முடிவு பண்ணிட்டுது."

"மூணு பேர் உயிரோட இருக்காளுவளே, வேய்."

"அதுக்கு உயிர் கணக்கில்லை. சான்றுதான் கணக்கு."

சான்றுக்குக் குறைவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நெடுந்துறை என்னும் அந்தக் கடற்கரை ஊரில் உப்புக்காய்ச்சல் பரவியது. பிறந்து எட்டு நாளுக்குள் பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோகும் காய்ச்சல். நாற்பத்தொரு குழந்தைகள் இறந்தபின்தான் ஆவுடையம்மாளுக்கு மருந்து பிடிபட்டது. அதற்குப்பின் பிறந்து காய்ச்சல் கண்ட மூன்று பெண்குழந்தைகள் பிழைத்தன. அத்தோடு காய்ச்சலும் ஊரைவிட்டுப் போயிற்று. மூன்று வீட்டாரும், ஒருவரை ஒருவர் கேட்காமலேயே, குழந்தைக்கு மருத்துவரின் பெயரை வைத்தார்கள். அந்தக் காலத்தில் எவரும் சீண்டாத பழம்பெயர். பள்ளியில் வருகைப்பதிவில் ஒருமுறை அழைத்தால் மூன்று பேர் "உள்ளேன், ஐயா" என்பார்கள். நாற்பத்தொரு குழந்தைகளுக்குச் சேர வேண்டிய செல்லத்தையும் படிப்பையும் ஊர் இந்த மூவருக்கே கொட்டிக் கொடுத்தது. மூவரும் பேர் பெற்றதில் வியப்பில்லை.

ஒரே ஊர், ஒரே மருத்துவமனை, ஒரே பெயர், பிறப்புச் சான்றிதழில் மருத்துவரின் கையொப்பமும் அதே பெயரில். தலைப்பெழுத்தேனும் இருந்திருந்தால் தகப்பன் பெயர் காப்பாற்றியிருக்கும். அதையும் தேவையற்றது என்று அரசு எப்போதோ நீக்கிவிட்டது. பெயரைச் சுருக்கினால் ஆள் சுருங்கமாட்டான் என்று எண்ணிய அறிவிலிகளை என்ன சொல்வது! போதாக்குறைக்கு, நீதிபதி பதவியேற்ற மேடையில், "டாக்டரம்மா வேறு, நான் வேறு அல்ல" என்று பேசியிருந்தார். நீச்சல்காரி பதக்கத்தை ஏந்திக்கொண்டு, "நீந்தியது நான் அல்ல, அவர்தான்" என்றார். நன்றி என்பது பொறிக்குத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டது.

"இதுக்கு வழி?"

"ஒண்ணு இருக்கு. 'இவருக்கும் என் வாழ்வுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை'ன்னு மூணு பேரும் உறுதிமொழி கொடுக்கணும். வெள்ளிக்கிழமை முத்திரை, ஐயா. அதுக்கு முன்னால வேணும்."

வியாழக்கிழமை காலையில், கல் நடும் விழாவுக்காக ஊருக்கு வந்திருந்த மூவரும் சங்கரபாண்டியன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உறுதிமொழித் தகடு நடுவில் கிடந்தது.

"பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்லுதியளா, மாமா?" என்றார் நீதிபதி. "அதைப் பண்ணுறவனைத்தான் நான் உள்ள தள்ளிக்கிட்டு இருக்கேன்."

"எங்க அம்மைக்குத் தெரிஞ்சா செருப்பைக் கழத்துவா" என்றார் நீச்சல்காரி.

கப்பல் தலைவி சிரித்தார். "என் கப்பலை டாக்டரம்மா ஓட்டுனதாக் கல்லு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டுமே. எனக்குப் பெருமைதான். என்னைவிட நல்லாவே ஓட்டியிருப்பாங்க."

"ஓட்டியிருக்க மாட்டா, தாயி" என்றார் சங்கரபாண்டியன். "பாலத்துல போனாலே கண்ணை மூடிக்கிடுவா. கையைப் பிடிச்சான்னா நகம் பதிஞ்சிரும். அந்தப் பயந்தாங்கொள்ளிதான் எனக்கு வேணும். நீங்க மூணு பேரும் பெரிய ஆளுக. உங்க பெருமையெல்லாம் சேர்ந்து அவளை மூடிட்டுது. எனக்கு அவளோட பேசணும். வேற எதுவும் வேண்டாம்."

நீதிபதி தகட்டை எடுத்து இரண்டுமுறை படித்தார்.

"எழுதினதை எழுதினபடியேதான் அந்தப் பொறி எடுத்துக்கிடும், மாமா. நல்லா யோசிச்சியளா?"

"யோசிச்சாச்சு."

அவர் யோசிக்கவில்லை. அந்தக் குரலை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். நீதிபதி முதலில் கைரேகை பதித்தார். கப்பல் தலைவி அடுத்து. நீச்சல்காரி பதித்துவிட்டு விரலை முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, மருத்துவமனை வாயிலில் கல்லுக்கு முத்திரையிட்டார்கள். மூலங்கள் அழிந்ததற்கு அடையாளமாக ஒரு மணி ஒலித்தது. பேச்சிமுத்து ஒதுங்கி நின்று, "நீங்கதான் முதல்ல பேசணும், ஐயா" என்றார்.

"நாம முதல்ல எங்க சந்திச்சோம்?"

"தண்ணி வரிசையில" என்றது கல். "குடத்தைத் தூக்கிக்கிட்டு நடுவுல வந்து நுழைஞ்சியளே. கண்ணு தெரியாதான்னு கேட்டேன். மறந்துட்டியளா?"

சங்கரபாண்டியன் சிரித்தார், சிரித்தபடியே கண்களைத் துடைத்துக்கொண்டார். விழுங்கிய சொல்லும் அந்த ஏளனமும் அவளேதான். தோணியைப் பற்றிக் கேட்டார். "ஐயோ, நான் மாட்டேன்" என்றது கல். கூட்டம் முழுவதும் சிரித்தது.

கப்பல் தலைவி சீருடையோடு முன்னே வந்து கல்லைத் தொட்டார். "டாக்டரம்மா, நான் ஆவுடை வந்திருக்கேன்."

"உங்க பேரும் அதுதானா?" என்று மரியாதையாகக் கேட்டது கல். "நமக்குள்ள ஒரு தொடர்பும் இல்லையே. யாரு பெத்த பிள்ளை நீங்க?"

கப்பல் தலைவி கையை மெல்ல எடுத்துக்கொண்டார். சங்கரபாண்டியன் கல்லின் அருகே குனிந்தார்.

"ஆவுடை, உப்புக்காய்ச்சல்ல எத்தனை பிள்ளைங்க பிழைச்சுது?"

அந்தக் குரல் தணிந்து வந்தது. சாப்பிட உட்கார்ந்த இடத்திலும், துணி மடித்துக்கொண்டிருக்கும்போதும், இறந்த குழந்தைகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கும் வேளைகளில் அவளுக்கு வரும் குரல்.

"ஒண்ணும் பிழைக்கலை. நாப்பத்தொரு பிள்ளைங்க. எல்லாத்தையும் இந்தக் கையிலதான் வாங்கினேன். மருந்து கண்டுபிடிச்சேன், அது யாருக்கும் கேட்டதாப் பதிவில்லை. இன்னும் கொஞ்சம் முந்திக் கண்டுபிடிச்சிருக்கலாம். ஒண்ணையாவது..."

சங்கரபாண்டியன் பேச்சிமுத்துவைப் பார்த்தார். பேச்சிமுத்து முத்திரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

உயிரோடு இருந்தபோது அவள் எண்ணத் தொடங்கினால் சங்கரபாண்டியன் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். மூன்று சொல்கூட வேண்டியதில்லை, இரண்டு போதும். அதைக் கேட்டவுடன் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டு, "ஆமா" என்பாள். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தச் சொல் அவளைக் கைவிட்டதில்லை. இப்போது அவர் கல்லின்மேல் கையை வைத்தார்.

"மூணு இருக்கே" என்றார்.

"எங்க?" என்றது கல். "எங்க இருக்கு? காட்டுங்க."

அவருக்குப் பின்னால் மூன்று ஆவுடையம்மாள்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.