பாய்முனைச் சிறுத்தைகள்

பாயின் ஒரு முனையில் பள்ளம் விழுந்திருந்தது. இறந்துபோன மாமியாருக்காகக் கூடத்தில் விரித்திருந்த பாய் அது. காலைப் படையலுக்குத் தினைக்கஞ்சிக் கிண்ணத்தை வைக்கக் குனிந்த ஜிங் அதைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு, வட்டமாக, கோரை நசுங்கிக் கிடந்தது. ஏதோ கனமானது அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். விரலால் தடவினாள். ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனபோது களிமண் வாடை அடித்தது. அங்கி ஓரத்தில் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை அந்தப் பள்ளத்தின் மேலேயே வைத்து மறைத்துவிட்டாள்.

அந்த முனைகளில் வைக்க இப்போது வீட்டில் எதுவும் இல்லை. முன்பு நான்கு வெண்கலச் சிறுத்தைகள் இருந்தன. உட்காருபவர் எழும்போது அங்கியில் சிக்கிப் பாய் சுருண்டுவிடாமல் இருக்க, லின்ஸி நகரில் கொஞ்சம் வசதியான வீடுகளில் எல்லாம் முனைக்கு ஒன்றாக இப்படி நான்கு மிருகங்களை வைப்பார்கள். அத்தையின் கல்யாணச் சீதனமாக வந்தவை இவை. வாலைக் காலுக்குள் இடுக்கிச் சுருண்டு படுத்த சிறுத்தைகள், கண்ணில் சிவப்புக் கல், வயிற்றுக்குள் ஈயம். பார்வைக்குப் பூனைக்குட்டி அளவுதான், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். நாற்பது நாளைக்கு முன்பு அவற்றைத் தன் கையாலேயே கல்லறைக்குள் வைத்தாள் ஜிங். "அத்தைக்கு ரொம்பப் பிடிச்சது, அவங்களோடயே போகட்டும்" என்று அவள் சொன்னபோது தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அவளுக்கு அவற்றைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அத்தைக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து அப்போது இரண்டு வருடம். புருஷன் குவோ பாங் எல்லைக் காவலுக்குப் போயிருந்தான். வீட்டில் இரண்டு பெண்கள், நாற்பது தட்டுப் பட்டுப்புழு. நான்காவது தோலுரிப்பு முடிந்த புழுக்கள் வெறி பிடித்தாற்போல் தின்னும் நாட்கள் அவை. இலை போட ஒரு வேளை தவறினால் ஒரு வருட உழைப்பு போச்சு. கிழவியோ தரையோடு இழுத்து இழுத்துக்கொண்டு புழு அறைக்கு வந்து தட்டுகளைக் கவிழ்த்தாள். ஒருமுறை, இருமுறை. மூன்றாம் நாள் ஜிங் அவளைப் படுக்கவைத்து, போர்வையைக் கழுத்துவரை இறுக்கமாக இழுத்து, நான்கு முனையிலும் நான்கு சிறுத்தைகளை வைத்தாள். ஒரு வேளை இலை போட்டு முடிக்கும்வரைதான் என்று நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

"ஏ ஜிங்... ஏய்..." என்று குரல் கேட்டது. தட்டுகளில் புழுக்கள் இலை அரைக்கும் சத்தம், ஓட்டுக்கூரையில் சடசடவென்று மழை விழுவதைப் போன்ற சத்தம், அந்தக் குரலை மூடிக்கொண்டது. முழுக்க மூடவில்லை. அவளுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே இலை போட்டாள்.

போய்ப் பார்த்தபோது போர்வைக்குள் சறுக்கி இறங்கியிருந்தது கிழவியின் தலை.

சிறுத்தைகளை எடுத்து வைத்துவிட்டு, போர்வையை உதறிச் சரிசெய்துவிட்டு, பிறகுதான் வாசலுக்கு ஓடிப்போய் அலறினாள்.

முதல் பள்ளத்தைக் கிண்ணத்தால் மறைத்த மறுநாள் காலை பாயில் இரண்டு பள்ளம். அதற்கும் மறுநாள் மூன்று. ஈரக் களிமண் வாடை கூடம் முழுக்க நின்றது. கூடவே அந்தச் சத்தமும் தொடங்கியது. புழு அறையில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து ஒரு மாதமாயிற்று, கூடெல்லாம் நூலாகிவிட்டது. இருந்தும் அந்த வெற்று அறையிலிருந்து, கதவிடுக்கு வழியாக, சடசடவென்று, ஓயாமல், இலை அரைபடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, மழை பெய்யுதா?" என்று கேட்டாள்.

சாவுச் செய்தி கேட்டு எல்லையிலிருந்து திரும்பியிருந்த குவோ பாங் முற்றத்தை எட்டிப்பார்த்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. "உனக்கு உடம்பு சரியில்ல ஜிங். நீ படுத்து எத்தன நாளாச்சு? சாயங்காலம் ஊர்ப்பெரியவர் ஹுவான் வர்றாரு, தெரியுமில்ல? மருமகள்னா இப்படி இருக்கணும்னு உன் பேர மேலிடத்துக்கு எழுதப்போறாராம்."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். மாமியாரைக் கொன்ற மருமகளுக்குச் சந்தையில் தலை போகும், அது ஊரறிந்த சட்டம். இருந்தாலும் இவன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது.

"அம்மா கஷ்டப்படலயே?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"தூக்கத்துலயே போயிட்டாங்க."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்குத் தன் கையை வெட்டி எறியலாம் போல இருந்தது.

சாயங்காலம் பெரியவர் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். மாலைப் படையலின்போது மருமகள் பாயில் விழுந்து ஒப்பாரி வைக்க வேண்டும், அது முறை. ஜிங் துக்கத்துக்கென்று போடும் சதுரமான சணல் முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் போனாள். அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். மண்டியிட்டாள். நெற்றி கோரையில் பட்டது. முக்காடு அவளைச் சுற்றிப் பாயில் பரவியது. உதடு வரைக்கும் வந்தது அந்த வார்த்தை. முற்றத்தில் பெரியவர் இருமினார்.

ஜிங் குரலெடுத்து அழுதாள். "தூங்கும்போதே போயிட்டீங்களே அத்தை! ஒரு நோவு தெரியாம போயிட்டீங்களே!"

முக்காட்டின் இடது முனை தரையோடு இறுகியது.

இருமல் நின்றது. சடசடவென்ற சத்தமும் நின்றது. வலது முனை இறுகியது. பிறகு கால்பக்கம் ஒன்று. நிதானமாக, யாரோ அளந்து வைப்பதைப் போல. பிறகு இன்னொன்று.

தலையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. கழுத்து அசையவில்லை. சணல் வாயோடு ஒட்டியது. இழுத்த மூச்சுக்குத் துணி வந்தது, காற்று வரவில்லை. களிமண் வாடை.

"என்னங்க!" என்று கத்தினாள். "என்னங்க, வாங்க! தூக்குங்க!"

துணிக்குள் அது வார்த்தையாக இல்லை. நீண்ட ஊளையாகத்தான் வெளியே போனது.

"பாருங்க பெரியவரே," என்றது புருஷனின் குரல், வாசற்படியில். "தினம் ரெண்டு வேள இப்படித்தான். இன்னிக்கு இன்னும் மோசம்."

"பெத்த பொண்ணு கூட இப்படி அழமாட்டாப்பா." பெரியவர் மூக்கைச் சிந்தினார். "எனக்கே நெஞ்ச அடைக்குது."

"போயித் தூக்கி விடட்டுமா?"

ஜிங் கையால் தரையை அடித்தாள். அடித்தாள். அடித்தாள்.

"சும்மா இரு. நடுவுல எழுப்புனா பாவம். மனசுல இருக்கறதெல்லாம் வெளிய வரட்டும். கதவச் சாத்திட்டு வா, நம்ம அந்தப் பக்கம் உக்காருவோம்."

கதவு மெல்லச் சாத்தப்பட்டது. காலடிகள் விலகின.

அழுகை வரவில்லை. குரல் வரவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. சணல் இழைகளின் சந்தில், கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி, முக்காட்டின் முனையில் அது படுத்திருந்தது. ஈரமண் அப்பிய முதுகு. சிவப்புக் கண். காலுக்குள் இடுக்கிய வால்.

அதன் வெண்கல வயிறு மெல்ல ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. அவளுக்குக் கிடைக்காத மூச்சை அது நிதானமாக விட்டுக்கொண்டிருந்தது.