பட்டைக்கு மேலே ஒரு லேபிள்

ராணுவ முகாமிலிருந்து திரும்பி வந்த அட்டைப்பெட்டியை விசாரணை அதிகாரி கிடங்கு மேசைமீது வைத்தபோது, அங்கே லேபிள் ஒட்டும் அக்கா எட்டிப் பார்த்தாள். வெளியே ‘காயக்கட்டுத் துணி’ என்றிருந்தது. உள்ளே பூட்ஸ் கயிறு. அன்று அந்த முகாமுக்குப் போனது அந்த ஒரு பெட்டிதான். காயம்பட்ட சிப்பாய் ஒருவன் கட்டுத்துணி இல்லாமல் ரத்தம் போயே இறந்துவிட்டான். தப்பு அவளுடையது என்று இன்று முடிவானால் சிறைதான்.

விசாரணை அதிகாரி அவசரமே அறியாதவர். உடன் வந்த எழுத்தருக்கோ அவசரம் மட்டும்தான் தெரியும்.

“ஒட்டினது இவங்கதானே சார்? எழுதிடலாமா?”

“பேனாவை மூடுங்க.” அதிகாரி அவளிடம் திரும்பினார். “லேபிளை எப்பம்மா ஒட்டுவீங்க? பெட்டியைச் சுத்தி பிளாஸ்டிக் பட்டை போடறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

அவள் தலைகுனிந்தாள். “முன்னாலதான் சார். பட்டை லேபிளை மறைக்கக் கூடாது, பின்னாலதான் ஒட்டணும்னு விதி. ஆனா பட்டை போட்ட கையோட பெட்டியை லாரி மேடைக்கு இழுத்துட்டுப் போயிடறாங்க.”

“எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்லை சார்,” என்றார் சுவரோரம் நின்ற சூப்பர்வைசர்.

அதிகாரி கிடங்கைச் சுற்றி வந்தார். அங்கிருந்த பெட்டி ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் பட்டை லேபிளின் மேலே ஏறி அதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்த பெட்டியில் பட்டையை அறுத்திருந்தார்கள். ஆனாலும் ஒரு துண்டு கீழே விழாமல் தொங்கியது.

“அது ஏன் விழலை?” என்று எழுத்தரைக் கேட்டார்.

எழுத்தர் தடவிப் பார்த்தார். “லேபிளுக்கு அடியில மாட்டியிருக்கு சார்.”

“அப்போ இந்த லேபிள் பட்டை போட்டப்புறம் ஒட்டினது. இந்தக் கிடங்குலயே விதிப்படி ஒட்டின லேபிள் இது ஒண்ணுதான்.” அவர் மெல்ல உரித்தார். அடியில் அக்கா ஒட்டிய லேபிள் இருந்தது: பூட்ஸ் கயிறு.

“பட்டை போட்ட பெட்டி மேடைக்குப் போயிடும். அங்கே இருக்கறது நீங்க மட்டும்தானே?” என்று சூப்பர்வைசரிடம் கேட்டார்.

சூப்பர்வைசர் சுவரைவிட்டு முன்னால் வந்தார். “துணிப்பெட்டி ஒண்ணு மழைத்தண்ணியில விழுந்துடுச்சு சார். லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். எண்ணிக்கை குறையக் கூடாதேன்னு இந்தக் கயிறுப் பெட்டிமேல துணி லேபிளை ஒட்டி ஏத்திட்டேன். மறுநாள் வேற அனுப்பிச் சரிக்கட்டிடலாம்னு நினைச்சேன்.”

“அனுப்பினீங்களா?”

“மறந்துட்டேன்.”

அக்காவுக்கு நெஞ்சு லேசானது. அப்படி லேசானதே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

“நனைஞ்ச பெட்டி எங்கண்ணே?”

அவர் மேடைக்கு அடியில் கை காட்டினார். அவள் அதை இழுத்து உடைத்தாள். அட்டைதான் ஊறிப்போயிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் துணி நனையவே இல்லை.