ரேடியோவைக் குறைத்து வையுங்கள்

அன்றைய முதல் அழைப்பு பெரியதாழையிலிருந்து வந்தது. பேசியவள் பெயர் சூசையம்மாள். அவள் பேச்சுக்குப் பின்னால், அடுத்த அறையிலிருந்து வருவதுபோல, இன்னொரு பெண்ணின் பேச்சும் கேட்டது.

"ரேடியோவக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கிடுங்கம்மா" என்றாள் வானொலி அறிவிப்பாளர் வடிவு. நேரலையில் அழைக்கும் நேயர்களிடம் வருடக்கணக்காகச் சொல்லிவரும் வார்த்தைதான். வீட்டில் ரேடியோ ஓடினால் இவள் பேசுவதே சுற்றி வந்து மறுபடி காதில் விழும்.

"ரேடியோ போடலியேம்மா. ராத்திரி மழையில போன கரண்டு இன்னும் வரல. போனுல மட்டுந்தான் உங்க சத்தம் கேக்கு."

வடிவு ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். பின்னால் கேட்டது அவளுடைய குரல்தான். ஆனால் அவள் அப்போது எதுவும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

அன்று நிலையத்தில் பாட்டே கிடையாது. காலை முதல் மாலை வரை தூக்கத்தைப் பற்றி மட்டும் பேச்சு என்று முடிவாகியிருந்தது. மருத்துவர் உரை, கலந்துரையாடல், இடையிடையே நேயர்களோடு நேரலை. பாதி நாளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன இன்னொரு அறிவிப்பாளர் பெவின், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. தூங்காமல் வந்து தூக்கத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசும் வேலை வடிவின் தலையில் விழுந்தது.

அவள் சரியாகத் தூங்கி இரண்டு வருடம் ஆகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ராஜபாண்டி, பக்கவாதம் வந்து மில்லர்புரம் வீட்டில் கட்டிலோடு கிடந்தான். வலது பக்கம் அசையாது. பேச்சு போய்விட்டது. சோறு கொடுக்கவே கூடாது, புரையேறினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சியைக் கூழாக்கி, ஒவ்வொரு கரண்டியும் இறங்கிவிட்டதா என்று தொண்டையில் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. இரவில் புண் வராமல் இருக்கப் புரட்டிப் போட வேண்டும். புரட்டிவிட்டு இவள் கண்ணை மூடும்போது அவன் மூச்சில் ஒரு விசில் சத்தம் கிளம்பும். மறுபடி எழுந்து பார்ப்பாள். பகலில் மட்டும் பக்கத்துத் தெரு சுடலைச்செல்வி வந்து இருப்பாள்.

"வூட்டுக்காரரு தொழிலுக்குப் போனா, வள்ளம் கரையேறுத வர எனக்குக் கண்ணு மூடாதும்மா" என்று சூசையம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். சன்னல் இல்லாத ஸ்டூடியோவில் ஏசி முனகியது. ஈரத்தில் ஊறிய பழைய கம்பளத்தின் வாடையும், பிளாஸ்கில் ஆறிப்போன காபியின் வாடையும், எந்தக் கதவை மூடினாலும் உள்ளே வந்துவிடும் துறைமுகத்து நிலக்கரித் தூசியின் வாடையும் கலந்து அடித்தன. அதற்கு நடுவில், கம்பி வழியே எங்கோ கடலோரத்து வீட்டின் இருட்டிலிருந்து, அவளுடைய குரல் பிள்ளையை அமர்த்துவதுபோல மெதுவாகச் சொன்னது: "போதும். படுங்க. செத்த நேரம் படுங்க."

"சரிம்மா" என்றாள் சூசையம்மாள்.

"யாருகிட்டம்மா பேசுதிய?"

"நீங்கதான படுக்கச் சொல்லுதிய." ஒரு சிரிப்பு. அதன் பின் நீளமான ஒரு கொட்டாவி. போனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு மூச்சு மட்டும். அது மெதுவாகிக்கொண்டே போனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொறியாளர் வேதமணி இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு மருத்துவர் உரையைப் போட்டார்.

"அண்ணாச்சி, அந்தம்மாவுக்குப் பின்னால என் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சுத்தி வருதது. லைன் சரியில்ல, வேறென்ன?" என்றார் அவர். ஓய்வு பெற சில மாதங்களே இருந்த மனிதர், எந்தக் கோளாறுக்கும் பதறமாட்டார்.

வடிவுக்கும் அப்படி நம்பிவிடத்தான் ஆசை. தூக்கமில்லாத மூளை எதை வேண்டுமானாலும் கேட்கும் என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்த உரையில் அந்த மருத்துவரும் சொன்னார்.

மதியத்துக்கு முன் ஆறுமுகநேரியிலிருந்து சொரிமுத்து என்ற உப்பளத் தொழிலாளி பேசினார். விடிவதற்கு முன் பாத்திக்குப் போக வேண்டும், பகலெல்லாம் உப்பு வெளிச்சம் கண்ணைக் குத்தும், இரவில் கண்ணை மூடினாலும் உள்ளே வெள்ளையாகவே இருக்கும் என்றார். நன்றாகப் பேசினார். வடிவு கொஞ்சம் தெளிந்து அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தபோது, அவருக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"ஆ காட்டுங்க" என்றது அவளுடைய குரல். "அம்புட்டுத்தான். இன்னும் ஒரு வாய்."

அது ராஜபாண்டியிடம் அவள் சொல்வது. அந்த ராகம் அந்த அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

"அண்ணாச்சி, அங்கன யாரு இருக்கா?"

"நீங்க..." சொரிமுத்துவின் வாயில் ஏதோ நிறைந்திருந்தது. "நீங்க ஊட்டுனா... போதும் தாயி... முடியல..."

இருமல். மூச்சு எங்கோ சிக்கிக்கொண்டு இழுபடும் ஓசை. கரண்டி மறுபடியும் உரசியது. வேதமணி சட்டென்று இணைப்பை வெட்டினார்.

"அண்ணாச்சி, அந்த நம்பருக்கு அடிங்க. அவருக்குப் புரையேறிட்டு."

வேதமணி அடித்துப் பார்த்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. "தின்னுக்கிட்டே போன் பேசுதான். தண்ணி குடிக்கப் போயிருப்பான்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "ஒங்க தொண்டதான் அடைக்கி. சத்தமே வெளிய வரல. வெந்நி குடிங்க" என்றார்.

உண்மைதான். அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. வெந்நீர் குடித்தாள். மைக்கை உதட்டருகே இழுத்துக்கொண்டாள். அப்படியும், பேசப் பேச ஒவ்வொரு சொல்லும் தன்னைவிட்டுப் போய்த் திரும்பாததுபோல் இருந்தது. பயத்தைவிட அசதிதான் பெரிதாக இருந்தது. மேசையில் தலையைச் சாய்த்தால் போதும், யார் எங்கே இருமினாலும் எழ வேண்டாம் என்று ஒரு நினைவு வந்தது. போன வாரம் கஞ்சிக் கரண்டியோடு கட்டிலருகே நின்றபோதும் இதே நினைவு வந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மாலையில் காயல்பட்டினத்திலிருந்து ராஹிலா அழைத்தாள். அவள் கணவர் துபாயில் இருந்தார். அவர் வேலை முடிந்து பேசும் வரை விழித்திருப்பாளாம், அதன் பிறகு குழந்தை விழித்துக்கொள்ளுமாம்.

"எத்தனை வருசமா..." என்று வடிவு தொடங்கினாள். காற்றுதான் வந்தது.

"எத்தனை வருசமா இப்படி இருக்கிய?" என்று ஹெட்போனில் அவள் குரல் முழுசாகக் கேட்டது. தெளிவாக. இதமாக.

"நாலு வருசமா ராத்தா" என்று சொந்த அக்காவிடம் சொல்வதுபோல் சொன்னாள் ராஹிலா.

"பாவம். பிள்ளைய எங்கிட்ட குடுத்துட்டுப் படுங்க."

"அல்லாவே, இந்த வார்த்தைய இதுவர ஒருத்தரும் சொன்னதில்ல." ராஹிலா அழுதாள். "இந்தாங்க ராத்தா. பிடிங்க."

வேண்டாம் என்று வடிவு கத்தினாள். சத்தம் வரவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். வேதமணி நிமிர்ந்து சிரித்தார். "இப்பத்தான் கொரலு நல்லாருக்கு. காலையில இருந்து இப்பிடிப் பேசியிருக்கலாம்லா?"

அவள் வாய் மூடியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த இணைப்பின் விளக்கு எரிந்தது. திரையில் விழுந்தது ராஜபாண்டியின் எண். ஏதாவது அவசரம் என்றால் ஸ்டூடியோவுக்கே அழைப்பு வரும்படி, அவன் போனில் இடது கைப் பெருவிரலால் அழுத்த ஒரே ஒரு பட்டனைப் பழக்கிக் கொடுத்திருந்தாள். அவன் அதை ஒருநாளும் அழுத்தியதில்லை.

எடுத்தாள். மூச்சு. அந்த விசில் மூச்சு. வேகமாக.

பின்னால் கரண்டி.

"ஆ காட்டுங்க."

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். நடைவழி ஒலிபெருக்கியில் நிகழ்ச்சி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நேயர்களுக்கு நன்றி சொன்னது அவள் குரல். திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்து வேதமணி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் ஏறி, ஓட்டுநரின் தோளைத் தட்டி, கையாலேயே வழி காட்டினாள். மழை திரையாக விழுந்தது. சுடலைச்செல்விக்குப் போன் போட்டாள்.

"செல்வி..." கிசுகிசுப்புத்தான் வந்தது. "எங்க... இருக்க?"

"வீட்டுலதாங்க்கா. நீங்கதான மத்தியானமே போன் போட்டுப் போகச் சொன்னிய? நா வந்து பாத்துக்கிடுதேன், நீ போய்ப் படுன்னிய." கொட்டாவி விட்டாள். "படுத்துத்தான் கெடக்கேன். எந்திரிக்கவே முடியலக்கா."

தெருவில் மின்சாரம் இல்லை. வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசல் வரை சுடுசோற்றின் மணம் வந்தது. அந்த வீட்டில் சோறு பொங்கி வெகுநாளாகியிருந்தது. அவளும் கஞ்சியைத்தான் குடித்து வந்தாள்.

செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே போனாள்.

ராஜபாண்டியை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். தலையணை இல்லை. போர்வை கழுத்துவரை ஒழுங்காக இழுத்து விடப்பட்டிருந்தது. கன்னங்கள் இரண்டும் புடைத்திருந்தன. உதட்டில் பருக்கை. மோவாயில் பருக்கை. காதோரம் சிந்திய சோற்றிலிருந்து ஆவி பறந்தது.

கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது.

விரலை உள்ளே விட்டுச் சோற்றைத் தோண்டினாள். சூடு விரலைச் சுட்டது. தோண்டத் தோண்ட வந்தது. 'துப்புங்க, துப்புங்க' என்று உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தான். அவன் பார்வை மெல்ல உயர்ந்தது, உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நிற்பதைப் பார்ப்பதுபோல.

முதுகுக்குப் பின்னால் தட்டில் கரண்டி உரசியது.

"வந்துட்டியா?" என்றது அவளுடைய குரல், அத்தனை பிரியமாக. "எம்புட்டு அசதி ஒனக்கு. ரெண்டு வாய் வாங்கிட்டு நீயும் படு."

கட்டிலில் ராஜபாண்டியின் வாய், சோறு நிறைந்தபடியே, இன்னும் அகலமாகத் திறந்தது.

ஓட வேண்டும். கால் எழவில்லை. அலற வேண்டும்.

கழுத்தருகே சூடான ஆவி பட்டது.

அவள் வாயும் தானாகத் திறந்தது.