தலையணைக்குள் ஒரு துடிப்பு

அவள் தும்மினாள். ஒலிபெருக்கியில் அது கேட்கவில்லை.

எட்டு மாத வயிற்றைச் சுற்றிய பட்டையிலிருந்து வரும் குழந்தையின் துடிப்பில் வழக்கமாக எல்லாமே கலந்திருக்கும்: துணி உரசும் சரசரப்பு, பசித்த குடலின் உறுமல், அடுத்த அறையில் யாரோ நடப்பதுபோல் அவளுடைய சொந்த இதயம். இன்று அவை எதுவும் இல்லாமல், துடைத்த கண்ணாடிபோல் ஒரே சீரான டப்டப் மட்டும், காயாத துணியின் வாசம் வீசும் மழை மதியத்துக் கூடத்தை நிறைத்துக்கொண்டிருந்தது.

"எப்படி நம்ம கைவண்ணம்?" சமையலறையிலிருந்து கணவன் கத்தினான். அவன் வேலை பார்க்கும் நிறுவனம் செய்த கருவி அது. "காலையில புது ஏஐ ஏத்தினேன். தேவையில்லாத சத்தத்தை எல்லாம் எடுத்துடும். உன் குறட்டை உட்பட."

"என்னோடதா? உன் குறட்டைக்குத் தெருவே முழிச்சுக்குது."

சிரித்தாள். சிரிப்பும் கேட்கவில்லை.

காலையிலிருந்து ஓர் உதைகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துடிப்பு காதில் விழுந்துகொண்டே இருந்ததால் அவள் அதை நினைக்கவே இல்லை. இடப்பக்கம் சாய்ந்து படுத்தாள். குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். உள்ளங்கையால் வயிற்றை மெல்ல அசைத்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

"இதுக்கு எதை வச்சுடா கத்துக்குடுத்தீங்க?"

"ஆஸ்பத்திரிப் பதிவுங்க. ஆயிரக்கணக்குல."

"எல்லாமே துடிச்சதுதானா?"

பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு வந்து நின்றான்.

"துடிக்காததும் வந்துச்சு. கேக்க முடியலம்மா. எங்க ஆளுங்க யாராலயும் முடியல. அதை எல்லாம் எடுத்துட்டோம்."

துடிப்பில்லாத வயிறு என்று ஒன்று இருப்பதே அந்தக் கருவிக்குத் தெரியாது.

பட்டையை அவிழ்த்தாள். பக்கத்தில் கிடந்த தலையணையைச் சுற்றிக் கட்டினாள்.

டப்டப். டப்டப்.

அதே சீர்.

அவன் முகம் வெளுத்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். வாசலில் வண்டி உறுமியது. "வாம்மா! சீக்கிரம்!"

எழ வேண்டும். அவளுக்குத் தெரியும்.

துடிப்பு வேகமெடுத்தது. தலையணைக்குள். பயந்துபோனதுபோல.

"வா!"

அவள் கை தானாக நீண்டது. தலையணையைத் தட்டிக்கொடுத்தது. மெதுவாக. இன்னும் மெதுவாக.

தட்டத் தட்ட, துடிப்பு தணிந்தது. சீரானது. அவள் கைக்குக் கீழே தூங்கத் தொடங்கியது.