எந்தக் கையில் ஊசி?

தும்மல் டாக்டரைத் தேடி வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் சொறிந்துகொண்டு வருவார்கள். அன்று காலை வந்த பெண்மணி இரண்டையும் செய்யவில்லை. நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். கேட்பதற்கு முன்பே பேசினார்.

"எனக்குத் தடுப்பூசி ஆகாதுங்க டாக்டரம்மா. ஆனா போட்டே ஆகணும்."

ஒவ்வாமை மருத்துவரான அந்த அம்மாளுக்குத் 'தும்மல் டாக்டர்' என்பது ஊர் வைத்த பெயர். ஐம்பதைத் தாண்டியவர், அவசரமே படாதவர். அவருக்கும் சேர்த்து அவசரப்படத்தான் ஒரு நர்ஸ் இருந்தார். வாய் ஓயாததால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். நோயாளி வாயைத் திறக்கும் முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது ரேடியோவின் வாழ்நாள் ஆசை. இதுவரை நிறைவேறவில்லை.

"ஊசின்னா பயமா அக்கா?" என்றார் ரேடியோ.

"நான் தையல்காரிம்மா. நாள் பூரா ஊசியோடதான் பொழைப்பு."

"அட! அப்ப எனக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுத் தரீங்களா? என் டெய்லர் 'நாளைக்கு, நாளைக்கு'ன்னே வருஷத்தை ஓட்டறான்."

"இப்ப யார்கிட்டயும் துணி வாங்கறதில்ல. வாங்கினதையெல்லாம் தைச்சுக் குடுத்துட்டேன். பாக்கின்னு ஒண்ணும் இல்ல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "போட்டே ஆகணும்னு சொன்னீங்களே, யாருக்காக?"

மகளுக்காக. தையல்காரம்மாவுக்கு இருப்பது ஒரே மகள். மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும் அவளைக் கட்டியவன் பாதியில் கழன்றுகொண்டான். எலும்பு மஜ்ஜை மாற்றி, இப்போது பிழைத்துவிட்டாள். ஆனால் ஒரு சாதாரணக் காய்ச்சல் தொற்றினாலும் தாங்காத உடம்பு. ஃப்ளூ தடுப்பூசி போடாதவர்களை அவள் அறைக்குள் விடுவதில்லை. தாய் இத்தனை மாதமும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அடுத்த மாதம் மகளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூட இருக்கிறவர் ஊசி போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"பெத்தவ நான் இருக்கறப்ப யாரோ ஒருத்தியா அவளுக்குச் சோறு ஊட்டணும்?" என்றார் தையல்காரம்மா. குரல் உடையவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கேள்வியாக இருந்தது.

"ஊசி போட்டப்ப என்ன ஆச்சு? விட்டுப்போகாம சொல்லுங்க. அவசரமே இல்ல."

"முதல் வருஷம் போட்டப்ப ஒண்ணும் ஆகலை. அடுத்த வருஷம் முகாம்ல போட்டேன். நல்ல வெயில் காலம், தகரக் கூரைக்குக் கீழ மிஷின் மிதிச்சு உடம்பெல்லாம் வேர்க்குரு. சொறிஞ்சு சொறிஞ்சு தோளெல்லாம் புண்ணு. அந்த நர்ஸ் ரோஸ் கலர் மருந்தைப் பஞ்சுல நனைச்சு அழுத்தித் துடைச்சா பாருங்க, சுரீர்னு எரிஞ்சுது. அப்பதான் நெனப்பு வந்துச்சு. இது கத்தரி பிடிக்கற கை, இதுல போட்டா நாளைக்குத் துணி வெட்ட முடியாதேன்னு சொன்னேன். அவளுக்குக் கோவம். முதல்லயே சொல்லக் கூடாதான்னு, துடைக்கக்கூட இல்ல, சடக்குனு குத்தி அனுப்பிட்டா."

"அப்புறம்?"

"பெஞ்சுல போய் உக்காந்தேன். இங்கதான் முதல்ல அரிச்சுது." இடது கையால் வலது தோளைத் தேய்த்துக் காட்டினார். "தடிப்பு தடிப்பா உடம்பு பூரா ஏறிடுச்சு. உதடு வீங்கி, மூச்சு அடைச்சு, விழுந்துட்டேன். கண்ணு முழிச்சப்ப, இனிமே இந்த ஊசியே உனக்கு ஆகாதுன்னுட்டாங்க."

"அதுக்கப்புறம் எப்பவாவது அந்த மாதிரி வந்துச்சா?"

"ஒரு தடவை. பல்லு பிடுங்கினாங்க. அங்கயும் ஊசி போட்டாங்களே! அப்ப ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்த பிறகு உதடு வீங்கிடுச்சு."

"வீட்டுக்கு வந்து என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? அவங்க குடுத்த மருந்துத் தண்ணியில வாய் கொப்பளிச்சேன். உதடு வீங்கினதும் கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுட்டுப் படுத்துட்டேன். போய்ட்டா, பாவம், யாரும் கதவை உடைக்க வேண்டாம் பாருங்க."

ரேடியோ மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

டாக்டர் நர்ஸை மருந்து அலமாரிப் பக்கம் அழைத்துப் போனார். "சொல்லுங்க சிஸ்டர். யாரைப் பிடிக்கலாம்?"

"தடுப்பூசிதான் டாக்டர், சந்தேகமே இல்ல. முதல் வருஷம் உடம்பு அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிச்சு, அடுத்த வருஷம் சண்டைக்கு வந்துடுச்சு. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, முதல் சந்திப்புல ஒவ்வாமை வராதுன்னு?"

"நல்ல வாதம். பல்லுக்குப் போட்ட ஊசி?"

"அது... அது பயம்!"

"பயத்துல மயக்கம் வரும். உதடு வீங்காது."

ரேடியோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். டாக்டர் ஒரு தட்டில் சின்னக் குப்பிகளை எடுத்து அடுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று, ஒவ்வாமை முற்றினால் உயிரைக் காக்கும் அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்.

சந்தேகப் பேர்வழிகளை ஒரே அறையில் கூட்டுவது துப்பறிகிறவர்களின் வழக்கம். தும்மல் டாக்டர் அவர்களை நோயாளியின் முன்கையில் கூட்டுவார். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், அது அப்பாவி. ஒரு சொட்டு ஹிஸ்டமின், அது எல்லாத் தோலையும் தடிக்க வைக்கும் போக்கிரி. தோல் விழித்திருக்கிறதா என்று பார்க்க. பிறகு தடுப்பூசி மருந்து. பிறகு குப்பி மூடியின் ரப்பர். கடைசியில் ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு. ஒவ்வொரு சொட்டின் நடுவிலும் தோலை லேசாகக் கீறினார்.

"அரிப்பு மாத்திரை எதுவும் சாப்பிடலையே?"

"இந்த சிஸ்டர் போன்லயே வேண்டாம்னாங்க. ஒரு வாரமா தொடலை."

"கால் மணி நேரம் கையை ஆட்டாம இருங்க."

காத்திருக்கும்போது தையல்காரம்மா கையைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தார். "நீங்க யாரோட இருக்கீங்க டாக்டரம்மா?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

"தாழ்ப்பாள் போட்டுப்பீங்களா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "காய்ச்சல் வந்தா போடறதில்ல," என்றார்.



முதலில் போக்கிரி தடித்தான், எதிர்பார்த்ததுதான். உப்புத் தண்ணீர் சும்மா இருந்தது. ரப்பரும் சும்மா இருந்தது. தடுப்பூசி இருந்த இடத்தில் கீறல்கூடத் தெரியவில்லை. கடைசி இடம் மட்டும் கொசு கடித்தது மாதிரி எழும்பி, அகலமாகி, சுற்றிலும் சிவந்தது.

"டாக்டர்! இது..." ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது.

"குளோர்ஹெக்சிடின். துடைக்கற மருந்து." டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தையல்காரம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். "அம்மா, முகாம்ல ஊசி எந்தக் கையில போட்டாங்க?"

"இடது கையில. கத்தரி பிடிக்கற கையில வேண்டாம்னேனே."

"முதல்ல அரிச்சது?"

தையல்காரம்மாவின் இடது கை தானாக வலது தோளுக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஊசியே படாத தோள் எதுக்கு முதல்ல அரிக்கணும்? அதுல பட்டது அந்த ரோஸ் மருந்து மட்டும்தான். நல்ல தோலா இருந்தா ஒருவேளை தப்பிச்சிருப்பீங்க. சொறிஞ்ச புண்ணு வழியா உள்ள போயிடுச்சு. பிரசவத்துலயோ, ஏதாவது காயத்துக்குக் கட்டுப் போட்டப்பவோ உடம்பு அந்த மருந்தை முன்னாடியே சந்திச்சிருக்கும். பல்லுக்கும் அதே கதைதான். ஊசி போட்டு, பிடுங்கி, வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒண்ணும் ஆகலை. வாய் கொப்பளிச்சதும் வீங்கிச்சு. அந்தத் தண்ணியிலயும் இதே மருந்துதான் கலப்பாங்க. முதல் வருஷம் எதால துடைச்சாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"ஸ்பிரிட்... ஜில்லுனு இருந்துச்சு."

"அவ்வளவுதான். உங்களுக்குத் தடுப்பூசி ஆகும். துடைக்கற மருந்துதான் ஆகாது. அதை மட்டும் எங்க போனாலும் முதல்ல சொல்லிடணும்."

ரேடியோ கைதட்டப் போனார். தையல்காரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அங்கே சந்தோஷம் இல்லை, கோபம் இருந்தது.

"அப்ப இத்தனை மாசமும் நான் சும்மாவா வெளிய நின்னேன்? வாந்தி எடுத்து எடுத்து என் பொண்ணு சுருண்டு கிடந்தா. ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மரமாட்டம் நின்னேனே. உள்ள போயிருக்கலாமா நான்?"

"போயிருக்கலாம்," என்றார் டாக்டர். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "யாராவது ஒருத்தர் எந்தக் கைன்னு கேட்டிருந்தா போயிருக்கலாம். யாரும் கேக்கல. அது உங்க தப்பு இல்ல."

தையல்காரம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு கேக்கறேன்," என்றார் டாக்டர். "நான் ஆகாதுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பாக்கித் துணி இல்லாத தையல்காரங்களை நான் பார்த்ததே இல்லம்மா. எல்லாத்தையும் தைச்சுக் குடுத்துட்டு, யாருக்கும் கடன் வைக்காம கிளம்பி வந்திருக்கீங்க."

"வேற எங்கயாவது போய், ஒண்ணும் சொல்லாம போட்டிருப்பேன். பொழைச்சா அவகூட இருப்பேன். இல்லேன்னா..." தோளைக் குலுக்கினார்.

ரேடியோ திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். அந்த அறையில் மூக்கை உறிஞ்சுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, இடது கையில் டாக்டரே ஊசி போட்டார். அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அரிக்கவில்லை, தடிக்கவில்லை. ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்காமலேயே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நேரம் முடிந்ததும் தையல்காரம்மா மகளுக்குப் போன் போட்டார்.

"போட்டுக்கிட்டேன்டி. ஒண்ணும் ஆகலை. எனக்கு ஊசி ஆகுமாம். ரெண்டு வாரம் போகட்டும், அப்புறம் உள்ள வரலாமாம்."

மறுபக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"அம்மா," என்றாள் மகள். "தலையில முடி முளைக்குதும்மா. இன்னும் யாருமே தொட்டுப் பாக்கல."

"வரேன்டி," என்றார் தையல்காரம்மா. வேறு எதுவும் சொல்ல முடியாமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.