டயரைச் சுமந்த நத்தைகள்

தெருக்கோடியில் இருந்த நீளச் சுவரில் ஒரு தோட்டம் வரைவது என்று தெருவே கூடி முடிவு செய்தது. ஓவிய டீச்சர் சுவரில் கோடு போட்டு, வீட்டுக்கு ஒரு கட்டம் பிரித்துக் கொடுத்தார். தையல் கடை அக்காவுக்குச் சூரியகாந்தி கிடைத்தது. வாண்டு வீட்டுக்குப் புல்தரை.

வாண்டுக்குப் பத்து வயது. புல்தரை என்றதும் அவள் முகம் தொங்கிப் போனது. வெறும் பச்சையைப் பூசுவது ஒரு வேலையா? போதாக்குறைக்கு அந்தக் கட்டத்தில் ஐந்து ஆணிகள் வேறு இருந்தன. ஆணிக்கு ஒன்றாக ஐந்து டயர்கள் தொங்கின.

அவை பக்கத்துச் சைக்கிள் கடை மாமாவுடையவை. கடை அவ்வளவு சின்னது. ஒரு சைக்கிள் உள்ளே போனால் மாமா வெளியே வர வேண்டும். அதனால்தான் டயர்கள் சுவருக்கு வந்தன.

"முதல்ல ஆணியெல்லாம் எடுத்துடும்மா. அப்புறம் பெயின்ட் அடிக்கலாம்" என்று அப்பா வாண்டுவிடம் சுத்தியலைக் கொடுத்தார்.

மாமா அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அய்யய்யோ, நிறுத்து! டயர் தொங்குறதைப் பார்த்துத்தான் பெரிய ரோட்டுல போறவங்க இந்தப் பக்கம் வர்றாங்க. இதை எடுத்துட்டா இங்க கடை இருக்கிறதே யாருக்கும் தெரியாது!"

"ஒரு போர்டு வச்சுக்கலாமே?" என்றார் டீச்சர்.

"ரோடு பூரா போர்டுதான் டீச்சர். என் போர்டை யார் நின்னு படிக்கப் போறாங்க?"

தையல் கடை அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க ஒருத்தருக்காகப் படமே அசிங்கமா இருக்கணுமா?"

மாமா பேசாமல் டயர்களைக் கழற்றத் தொடங்கினார். சத்தம் போடுகிற மாமாவை வாண்டுக்குப் பழக்கம். பேசாத மாமாவைப் பார்க்கத்தான் அவளுக்குப் பாவமாக இருந்தது.

அவர் ஒரு டயரை முதுகில் மாட்டிக்கொண்டு, குனிந்து, மெல்ல மெல்ல நடந்தார். வாண்டு சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?"

"மாமா, நீங்க அப்படியே நத்தை மாதிரி இருக்கீங்க!"

சொன்ன வேகத்தில் அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "டீச்சர், தோட்டத்துல நத்தை இருக்கும்தானே? டயர்தான் ஓடு. உடம்பை மட்டும் நாம வரைஞ்சுடலாம்!"

டீச்சர் தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தார். "மேல ஒரு ஆணி இருக்கே, அந்த நத்தை எங்க நிக்கும்?"

"அந்த நத்தை புல்லு மேல ஏறுது."

டீச்சர் சுண்ணக்கட்டியை எடுத்தார்.

மாமா எல்லா டயரையும் திரும்ப மாட்டினார். வாண்டும் அப்பாவும் புல்லுக்குப் பச்சை அடித்தார்கள். அக்கா தன் சூரியகாந்தியை முடித்துவிட்டு, மிச்ச மஞ்சளை நத்தைகளுக்குக் கொண்டுவந்தார். "கொம்பு மட்டும் நான்தான்" என்று மாமா அடம்பிடித்துத் தூரிகையை வாங்கினார். நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் வரைந்த முதல் கொம்பு கோணலாகப் போனது. யாரும் அதைத் திருத்தவில்லை.

மறுநாள் ஒருவர் டயர் வாங்க வந்தார். கடைசி நத்தையின் டயர்தான் அவர் வண்டிக்குச் சரியாக இருந்தது. மாமா அதில் கை வைத்ததுதான் தாமதம், தையல் கடையிலிருந்து குரல் வந்தது.

"அதை எடுக்காதீங்க! பாவம், அது வீடில்லாம நிக்கும்!"

மாமா சட்டென்று கையை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். முதல்ல அதுக்கு வேற வீடு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டயர் தேடக் கடைக்குள் போனார்.